மூன்று கம்பெனிக்குக் குறைந்தால்

என் பெயர் சாந்தா. இந்தப் பெயரைச் சொல்லி ஆபீசில் ஒரு தடவையாவது சிரிக்காதவர்கள் கிடையாது. சிரித்துவிட்டுப் போகட்டும். ஊரில் இருக்கிற முதலாளிகளின் ரகசியத்தை எல்லாம் வயிற்றில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கோபம்தான் வரும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது, அவ்வளவுதான்.

ஹப்சிகுடாவில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது எங்கள் தக்காணத் தொழில் ஆய்வகம். எண்பத்தைந்தாம் வருஷத்துச் சமாசாரம் இது. ஹைதராபாத்தைச் சுற்றியிருந்த சின்னத் தொழிற்சாலைக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தங்கள் உற்பத்தி எவ்வளவு, விற்பனை எவ்வளவு என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, என்னிடம் கொடுப்பார்கள். நான் அவற்றைத் தொழில்வாரியாகக் கூட்டி, மொத்தத்தை மட்டும் எங்கள் காலாண்டு அறிக்கையில் போடுவேன். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மொத்தம் தெரிந்தால் சந்தையில் தன் பங்கு என்ன என்று ஒவ்வொருவனுக்கும் தெரிந்துவிடும். அந்த ஆசையில் கொடுத்தார்கள். தனித்தனிக் கணக்கு என் மேஜையைத் தாண்டிப் போகாது. எங்கள் டைரக்டர் அனந்தராமன்கூட அதைப் பார்க்கக் கூடாது, பார்த்ததும் இல்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு விதி இருந்தது. ஒரு தொழிலில் மூன்று கம்பெனிக்குக் குறைந்தால் மொத்தத்தை வெளியிடக் கூடாது. காரணம் சாதாரணம். இரண்டே கம்பெனி என்றால், மொத்தத்திலிருந்து தன் கணக்கைக் கழித்தால் மிச்சம் இருப்பது அடுத்தவனுடைய கணக்கு. இந்தக் கழித்தல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். மூன்று பேர் இருந்தால் மிச்சம் இருப்பது இரண்டு பேரின் கலவை. அதைப் பிரிக்க முடியாது. விதியை எழுதியவர் அனந்தராமன். எழுதும்போது கம்பெனி என்றால் என்ன என்று அவர் யோசிக்கவில்லை. வாசலில் ஒரு போர்டு தொங்கினால் ஒரு கம்பெனி. மூன்று போர்டு என்றால் மூன்று கம்பெனி. எங்களைப்போல நாள்பூராவும் கூட்டிக்கொண்டே இருக்கிறவர்கள்தான் இப்படித் தப்பு செய்ய முடியும். கீழே டீ விற்கிற ஆளைக் கேட்டிருந்தால், கடை யாருடையது என்பதைத்தான் முதலில் விசாரித்திருப்பான்.

ஃபேன் கண்டென்சர் செய்கிறவர்கள் நகரத்தில் மூன்று பேர். சீலிங் ஃபேனின் தலையில் ஒரு சின்ன டப்பி இருக்குமே, அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றாதே, அதுதான் கண்டென்சர். மூவரில் பெரியவர் வரதராஜன். கோயமுத்தூர்க்காரர், மாரெட்பள்ளியில் பங்களா, பேச்சில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போடுகிற மரியாதை. இரண்டாவது சூர்யதேஜா கண்டென்சர்ஸ். அது சத்தியநாராயணா என்று ஒரு தெலுங்குக்காரர் பெயரில் இருந்தது. மூன்றாவது அப்துல் ரஹீம். இவர் குடும்பம் வாணியம்பாடியிலிருந்து லாலாகுடா ரயில்வே பட்டறை வேலைக்காக வந்தது. இவர் மட்டும் பட்டறையை விட்டுவிட்டு, குஷாய்குடாவில் பெரிய அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் காம்பவுண்டைத் தாண்டி, ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தார். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் இருபது பேர்போல அங்கே வேலை செய்தார்கள்.

ரஹீமுக்குப் பெரிய வாடிக்கை ஒரே ஒரு ஃபேன் கம்பெனிதான். வருஷா வருஷம் அந்த ஆர்டர் அவருக்குத்தான் கிடைக்கும். அந்த வருஷம் அது வரதராஜனுக்குப் போயிற்று.

போன மறுநாளே ரஹீம் மாடிப்படி ஏறி வந்தார். என் எதிரே நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

"பீசுக்கு மூணே பைசா கம்மி போட்டு எடுத்துக்கினு போயிட்டாரு வரதராஜன். மூணே பைசா. என் வெலை அவருக்கு எப்படிம்மா தெரியும்?"

"என்னைக் கேட்டா? அவரைப் போய்க் கேளுங்க."

"என் வெலை என் வூட்டுக்காரிக்கிக்கூடத் தெரியாது. ஃபேன் கம்பெனிக்காரன் சொல்லமாட்டான், அவனுக்கு நாங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கினாத்தான் லாபம். மிச்சம் யாரு? எத்தினி பீசு, எவ்ளோவுக்கு வித்தேன்னு நான் எழுதிக் குடுத்தது ஒங்களுக்கு மட்டும்தான்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஒன்பது வருஷமாக இந்த மேஜையில் இருக்கிறேன். கல்யாண வீட்டில் யாராவது தொழில் பேச்சு எடுத்தால் எழுந்து பந்திக்குப் போய்விடுகிறவள் நான். என் சொந்தத் தம்பி வேலை மாறும்போது, அவன் போகப்போகிற கம்பெனி எப்படி என்று கேட்டான். வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷம் அவன் என்னோடு பேசவில்லை.

"பாய், வார்த்தையை அளந்து பேசுங்க. நான் வித்தேன்னு சொல்ல வந்தீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல. யாரு கிட்டயாவது வாய் தவறி..."

"எனக்கு வாய் தவறாது. வேற வேலை இருந்தா பாருங்க."

அடுத்தது ரயில்வே ஆர்டர் இருக்கிறது, கோச் ஃபேன்களுக்கு, அதுவும் போனால் கொட்டகையைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் யாரிடமாவது கைகட்டி நிற்கவேண்டியதுதான் என்று பொதுவாகச் சுவரைப் பார்த்து ரஹீம் சொன்னார். போய்விட்டார். எனக்கு அவர்மேல் துளிகூட இரக்கம் வரவில்லை. பழி சுமத்தினவரிடம் என்ன இரக்கம்?

அந்த வாரமே வரதராஜன் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. அவர் தொழிற்சாலையைப் பெரிசாக்க அரசு நிதி நிறுவனத்தில் கடன் கேட்டிருந்தார். அதற்கான திட்ட அறிக்கையை எங்கள் ஆய்வகம்தான் தயாரித்தது. அந்த வேலையில் கேள்விப்படுகிற எதையும் வேறு எதற்கும் பயன்படுத்தமாட்டோம், யாருக்கும் சொல்லமாட்டோம் என்று நானும் அனந்தராமனும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம். எல்லா வேலைக்கும் அப்படித்தான் கொடுப்போம்.

காப்பி வந்தது. மற்ற கம்பெனிகளில் அவருக்குப் பங்கு ஏதும் உண்டா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வரதராஜன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சூர்யதேஜா நம்முளுதுதானுங்க."

"எது?"

"ஒரு வருசமாச்சுங்க வாங்கி. சத்தியநாராயணா பேரு பேப்பர்ல இருக்குது, அவ்வளவுதானுங்க. ஊர்ல அண்ணன் தம்பிக்குள்ள பாகம் பிரியற நேரம் பாருங்க, வெளிய தெரிஞ்சா சங்கடம். நிதி நிறுவனத்துக்கு மட்டும் தனியாச் சொல்லிக்கறேன். நீங்க எழுதறதுல வரவேண்டாமுங்க."

நான் தலையாட்டினேன். எழுதுவதுபோலக் குனிந்தேன். அதற்குள் என் புத்தி, நான் சொல்லாமலே, கழித்தலைச் செய்து முடித்துவிட்டது. மொத்தத்தில் வரதராஜனைக் கழி, சூர்யதேஜாவைக் கழி. மிச்சம் நிற்பது ரஹீம் ஒருவர்தான். எத்தனை பீஸ், என்ன விற்பனை. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் பீஸ் விலை. ஒரே பெரிய வாடிக்கை உள்ளவருக்கு அதுதான் அந்த வாடிக்கைக்குப் போட்ட விலை.

நிமிர்ந்தேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எந்த இடத்துக்கு வந்து சேர்வேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்சம் பெருமைகூட இருந்தது அந்த முகத்தில்.

"ஃபேன் கம்பெனி ஆர்டரை அப்படித்தான் எடுத்தீங்களா?" என்றேன்.

"எப்படீங்க?"

"எங்க அறிக்கையை வெச்சுக் கழிச்சுப் பார்த்து."

"சாந்தாம்மா, நான் யாரு வீட்டுலயாச்சும் பூந்து திருடினேனுங்களா? நீங்க அச்சடிச்சீங்க. நான் சந்தா கட்டி வாங்கிப் படிச்சேன். படிக்கறது தப்புங்களா?"

"தெரிஞ்சேதான் ரெண்டு உறை அனுப்பிச்சுண்டு இருந்தீங்க. ரெண்டும் ஒரே ஆளுதுன்னு சொல்லியிருக்கணும்."

"உங்க விதியில அப்படி எங்கீங்க எழுதியிருக்குது? மூணு கம்பெனின்னு இருக்குது. மூணு இருக்குது." அவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அந்த ரஹீம் நல்ல மனுசன். நாளைக்கு அவரு கொட்டாயை மூடற நெலமை வந்தா, மிசினை நானே நல்ல வெலைக்கு எடுத்துக்கறேனுங்க. அடுத்த அறிக்கை எப்பங்க வருது? ரயில்வே டெண்டருக்கு முந்தி வந்துருமில்லீங்க?"

வெட்கமே இல்லாமல் கேட்டார். ஃபேன் ஆர்டர் போனபிறகு ரஹீம் மிச்சமிருக்கிற சில்லறை வாடிக்கையைப் பிடித்துவைக்க எவ்வளவு விலை இறங்கினார், எவ்வளவு மிஷின் சும்மா கிடக்கிறது என்று எல்லாம் அடுத்த மொத்தத்தில் தெரிந்துவிடும். எந்த விலைக்குக் கீழே அந்த மனுஷன் மூச்சுவிட முடியாது என்று தெரிந்துகொண்டு, அதற்கு மூன்று பைசா கீழே போடுவார். பிறகு மிஷினை 'நல்ல வெலைக்கு' எடுத்துக்கொள்வார்.

"நான் வெளியில சொன்னா?" என்றேன்.

"சொல்லமாட்டீங்க," என்றார் வரதராஜன். மிரட்டவில்லை. என்னைப் பாராட்டுகிற தொனியில் சொன்னார். அந்தக் காப்பிக் கோப்பையை அவர் வெள்ளைச் சட்டையில் கவிழ்க்கவேண்டும்போல இருந்தது.

ஆட்டோ பிடித்து நேராக ஆபீசுக்குப் போனேன். அனந்தராமன் தன் கண்ணாடி அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடன் வேலையில் அவரும் கையெழுத்துப் போட்டவர் என்பதால் அவரிடம் சொல்வது தப்பில்லை. சொன்னேன். கையை அப்படியே டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சரி, இப்ப என்ன பண்ணணும்கறே?"

"கண்டென்சர் மொத்தத்தை நிறுத்தணும் சார். நிஜத்துல ரெண்டு கம்பெனிதான் இருக்கு."

"நிறுத்தினா ரஹீம் சும்மா இருப்பாரா? மூணு பேர் கணக்குக் குடுத்தும் ஏன் போடலேன்னு கேப்பார். மூணுல ரெண்டு ஒண்ணாயிடுத்துன்னுதானே அர்த்தம்? அவர் ஒண்ணு, வரதராஜன் ஒண்ணு, சூர்யதேஜா ஒண்ணு. எது எதோட ஒட்டிண்டதுன்னு கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? நாம எழுதிக் குடுத்த வாக்கை நாமே உடைச்ச மாதிரி. வரதராஜன் கோர்ட்டுக்குப் போவார். நாளைக்கு எந்தக் கம்பெனி நம்மகிட்ட வாயத் தொறக்கும்?"

"ஃபேன் சாமான்னு பொதுவாச் சேர்த்துப் போட்டா?"

"ஒவ்வொரு தொழிலையும் தனித்தனியாப் போடறதா, நம்ம அறிக்கையை வாங்கற நிதி நிறுவனத்துக்கு ஒத்துண்டிருக்கோம். திடீர்னு மாத்தினா அதுக்கும் ஏன்னு கேப்பா."

"அப்ப போட்டா ரஹீம் காலி. அது பரவாயில்லையா?"

அனந்தராமன் டப்பாவை மூடினார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம் எனக்கு இதுதான் ஆத்திரம். "விதி மூணு கம்பெனிங்கறது. மூணு இருக்கு. எல்லாரும் கணக்குக் குடுத்திருந்தா போட்டுத்தான் ஆகணும். குடுக்காதவாளை நாம கட்டாயப்படுத்தறதில்லே," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

எண்ணைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு இடத்தில் பொய் எண் போடுகிறவள் எழுதின எல்லா எண்ணும் பொய்தான். அது முடியாது. ரஹீமைக் கூப்பிட்டு, காரணம் கேட்காதீர்கள், இந்த முறை கணக்கு மட்டும் கொடுக்காதீர்கள் என்று காதில் போட்டுவிடலாமா? ஏன் என்று கேட்கமாட்டார். தானே யோசிப்பார், கண்டுபிடிப்பார், வரதராஜனிடம் போய்ச் சட்டையைப் பிடிப்பார். கண் ஜாடை காட்டினாலும் காட்டிக் கொடுத்ததுதான். எனக்கு வரதராஜனைப் பிடிக்கவில்லை என்பதால் அவருக்குக் கொடுத்த வாக்கு பாதி வாக்கு ஆகிவிடாது. பிடித்தவர்களின் ரகசியத்தை மட்டும் காப்பாற்ற என்னைப்போல ஒருத்தி எதற்கு?

இப்படிப் போனாலும் அடைப்பு, அப்படிப் போனாலும் அடைப்பு. இரண்டு மூன்று நாள் நான் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை. பியூன் யாதய்யா என் மேஜைப் பக்கம் டீயை வைத்துவிட்டு ஓடிப்போனான்.

கணக்குக் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. வரதராஜனின் இரண்டு உறைகளும் முதலிலேயே வந்துவிட்டன, இரண்டு வேறு கலரில். ரஹீமுடையது வரவில்லை. வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

இந்தத் தடவை கோபமாக வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். ஆனால் உள்ளங்கையை உறையின் மேலிருந்து எடுக்கவில்லை.

"அன்னிக்கி கோவத்துல வந்து பேசிட்டேம்மா. மனசுல வெச்சுக்காதீங்க. வூட்ல சொன்னாங்க, அந்தம்மாவ எத்தினி வருசமாப் பாக்கறீங்க, அப்படிச் செய்யறவங்களான்னு."

நான் உறையின் மேலிருந்த அந்தக் கையையே பார்த்தேன்.

"ஒரே வார்த்தை சொல்லுங்க. என் கணக்க யாருக்கும் நீங்க குடுக்கலேன்னு. அது போதும். நம்பிட்டு இத வெச்சுட்டுப் போயிடறேன்."

கண்ணாடி அறையிலிருந்து அனந்தராமன் பார்த்துக்கொண்டிருந்தார். டைப்ரைட்டர் சத்தம் நின்றுவிட்டது. எதிரே ரஹீமின் முகம், நான் இல்லை என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. அது சத்தியமான வார்த்தை. சொல்லியிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும். அவர் கை உறையிலிருந்து எழுந்திருக்கும். மூன்றாவது கணக்கும் வந்துவிட்டதென்று மொத்தம் அச்சுக்குப் போயிருக்கும். குஷாய்குடாக் கொட்டகையில் வரதராஜனின் ஆட்கள் மிஷினைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த மனுஷன் பிழைக்க ஒரே ஒரு வழி இருக்கிறது. அவர் என்னை நம்பக் கூடாது.

"உங்களுக்கு நான் எதுக்குச் சத்தியம் பண்ணணும்?" என்றேன். "நீங்க என்ன போலீசா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. "கைக்கு, ஏம்மா இப்படிப் பேசறீங்க? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்றதுல இன்னா கஷ்டம்?"

"சொல்ல முடியாது."

"இல்லேன்னு சொல்ல முடியாதா?"

"முடியாது. நீங்க எப்படி வேணும்னாலும் நெனச்சுக்கோங்க."

அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உறையை எடுத்துத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார். பொத்தான் மாட்ட வரவில்லை.

"அப்ப நீதான்," என்றார். நீங்க போய் நீ வந்துவிட்டது. "நான் ஒரு மடையன், ஒன்னையப் போய் நல்லவன்னு நெனச்சேன். இருபது பொம்பளைங்க அந்தக் கொட்டாய்ல கஞ்சி குடிக்கறாங்க. ஒனக்கு வாய் எப்படிம்மா வந்துச்சு? இனிமே என் கணக்கு கெடையாது, நக்கோ. ஒனக்கும் நக்கோ, ஒன் ஆபீசுக்கும் நக்கோ."

"எழுதிக் குடுங்க," என்றேன்.

"இன்னா?"

"கணக்குக் குடுக்க விருப்பம் இல்லேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாயால சொன்னா செல்லாது."

காகிதத்தையும் பேனாவையும் நகர்த்தினேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் நின்றபடியே குனிந்து இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினார். பேனா காகிதத்தைக் கிழித்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மேஜைமேல் எறிந்தார், அது உருண்டு கீழே விழுந்தது. "அல்லா பாத்துக்குவான்," என்றார். அதை அவர் கத்திச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் படி இறங்கியதும் அந்தக் காகிதத்தில் தேதி முத்திரை குத்தினேன். கீழே ஸ்கூட்டர் கிளம்பாமல் அவர் உதைத்துக்கொண்டே இருந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ச் சொல்லிவிடு, இப்போதே போ என்று உடம்பு முழுக்க அரித்தது. நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்பியபிறகு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அழுகையும் ஆத்திரத்தில் வந்த அழுகைதான். நான் என்ன சொன்னாலும் என்னை நம்பிக்கொண்டே இருக்க அந்த ஆளுக்குத் தெரியவில்லையே என்று அவர்மேலும் ஆத்திரம்.

அறிக்கை வந்தது. கண்டென்சர் என்ற தலைப்புக்கு எதிரே, மூன்று கம்பெனிக்குக் குறைவாகக் கணக்கு வந்ததால் வெளியிடப்படவில்லை என்று ஒரு வரி. அவ்வளவுதான். விதிப்படி.

வரதராஜன் அன்றைக்கே போன் செய்தார். முதல் தடவையாக 'ங்க' குறைந்திருந்தது.

"என்ன இது? மொத்தம் எங்கே?"

"ஒருத்தர் கணக்குக் குடுக்கறதை நிறுத்திட்டார் சார். விதி உங்களுக்குத் தெரியுமே. மூணு கம்பெனி வேணும்."

"நீங்க அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லலை. ஆபீஸ்ல எல்லாரும் கேட்டுண்டுதான் இருந்தா. வேணும்னா அனந்தராமன் சாரைக் கேளுங்கோ."

"கெட்டிக்காரிதான்," என்றார். போனை வைத்துவிட்டார். என் வாழ்க்கையில் இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான், அதுவும் அந்த வாயிலிருந்து.

ரயில்வே ஆர்டர் ரஹீமுக்குக் கிடைத்தது. வரதராஜன் குருட்டாம்போக்கில் ஒரு விலை போட்டிருக்கிறார், அது ரஹீம் விலையைவிட அதிகமாகப் போய்விட்டது. செய்தி கேட்ட அன்று எனக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது. மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ரஹீம் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. குஷாய்குடா முழுக்க, தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகை விடாமல், கதையைச் சொல்லிவிட்டார். ஸ்டவ் பர்னர் செய்கிறவர் முதலில் கணக்கை நிறுத்தினார். பிறகு பம்பு செய்கிற இரண்டு பேர். டிரான்ஸ்ஃபார்மர்காரர் போன் எடுக்கவில்லை. சிறுதொழில் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு அனந்தராமன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "நீ நேர்ல வந்து உக்காந்தாலே போதும், பேச்சு அடங்கிடும்," என்றார். இந்த மாதிரி யோசனை எல்லாம் அவருக்குத்தான் வரும்.

தொழிற்பேட்டை ஹாலில் தகர நாற்காலிகள் நிரம்பியிருந்தன. முன் வரிசையில் வரதராஜன், வெள்ளைச் சட்டையில். ரஹீம் எழுந்து இந்தியும் தெலுங்கும் கலந்து பேசினார். நீட்டவில்லை. இந்த அம்மாவிடம் கணக்குக் கொடுத்தேன், என் ஆர்டர் வரதராஜனுக்குப் போயிற்று, நீ விற்றாயா என்று கேட்டேன், இல்லை என்று சொல்ல அவள் வாய் வரவில்லை, கணக்கை நிறுத்தினேன், ஆர்டர் கிடைத்தது, இதற்குமேல் உங்களுக்கு என்ன வேண்டும் என்றார். உட்கார்ந்துவிட்டார். ஹாலில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

சங்கத் தலைவர் தர்மசங்கடமாகக் கனைத்துக்கொண்டு, மேடம் பதில் சொல்லட்டும் என்றார். நான் எழுந்திருப்பதற்கு முன்னால் வரதராஜன் எழுந்துவிட்டார்.

அவரை யாரும் கூப்பிடவில்லை. மைக்கூட இல்லாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தெலுங்கில் பேசினார். சாந்தாம்மாவை எனக்குத் தெரியும், அவரிடம் ஒரு விஷயம் போனால் அது வெளியே வராது, என் வீட்டுக்காரிக்குச் சொல்லாததைக்கூட அவரிடம் சொல்லியிருக்கிறேன், இன்றுவரை ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது, இதற்கு நானே சாட்சி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். ரஹீம் சிரிக்கவில்லை. நாற்காலியில் திரும்பி, அந்த ஹாலில் நான்கைந்து பேருக்கு மட்டுமே புரிகிற தமிழில், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"சாட்சி யாருன்னு எல்லாரும் பாத்துட்டாங்கம்மா. போதுமா?"

அனந்தராமன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரதராஜன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ரஹீம் சொன்னதிலும் இல்லை. கணக்கை நிறுத்தினார், ஆர்டர் வந்தது, அப்படியேதான் நடந்தது. தலைவர் மைக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை," என்றேன்.

அந்த ஹாலில் பொய் சொன்னது நான் ஒருத்திதான்.